ரிங் அறுந்தால் யாரை முதலில் இறக்கிவிடுவது?

போன ஞாயிற்றுக்கிழமை இரவு 8:32-க்கு, எங்கள் இன்டர்நெட் கம்பெனியின் சின்னாளப்பட்டி கண்ட்ரோல் ரூமில், செம்பட்டி பக்கம் போகும் பேட்ச் கார்டை (சுவிட்சையும் ஃபைபரையும் இணைக்கும் குட்டைக் கேபிள்) நானே பிடுங்கினேன். 4,200 இணைப்புகளும் முழு மூச்சில் ஓடுகிற நேரம். முதலாளி பக்கத்தில் நாற்காலி போட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடம் ஆனது. ஒரு அழைப்பும் வரவில்லை. ஐந்து ஊரை வட்டமாக இணைக்கும் இதே ஃபைபர் ரிங் இதற்கு முன் இரண்டு தடவை எங்கள் மானத்தை வாங்கியிருக்கிறது. அந்த இரண்டையும் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் ரிங் எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிடுகிறேன். சின்னாளப்பட்டிதான் தலை, மேலிருந்து வரும் இன்டர்நெட் அங்கேதான் இறங்குகிறது. அங்கிருந்து ஆத்தூர் வழியாகச் செம்பட்டி 11 கிலோமீட்டர், செம்பட்டி - வத்தலக்குண்டு 17, வத்தலக்குண்டு - நிலக்கோட்டை 13, நிலக்கோட்டை - கொடைரோடு 9. இதெல்லாம் ஓடிடிஆர் (ஒளியை அனுப்பி ஃபைபரை அளக்கும் கருவி) காட்டிய கேபிள் நீளம். சாலை தூரம் இதைவிடக் குறைவு. கம்பத்துக்குக் கம்பம் தொய்வும், சுருட்டி வைத்த மிச்சக் கேபிளும் சேர்ந்தால் இப்படித்தான் ஏறும். கொடைரோட்டிலிருந்து சின்னாளப்பட்டிக்குத் திரும்பி வர மட்டும் சொந்தக் கேபிள் இல்லை. வேறொரு ஆபரேட்டரிடம் 10ஜி (விநாடிக்கு 10 ஜிகாபிட்) லிங்க் ஒன்றை மாதம் 45,000 ரூபாய் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். இந்த வாடகை லிங்க்தான் பின்னால் கதையின் வில்லன். தப்பு அவர்கள் மேல் இல்லை, என் மேல்தான்.

ஐந்து இடத்திலும் ஜி.8032, அதாவது ஈஆர்பிஎஸ் (ஓரிடத்தில் அறுந்தால் ரிங்கை மறுபக்கமாகத் திருப்பும் விதிமுறை) தெரிந்த 10ஜி சுவிட்ச். ரிங்கில் டேட்டா முடிவில்லாமல் சுற்றாமல் இருக்க ஒரு லிங்க் எப்போதும் பூட்டியே இருக்க வேண்டும். ஆர்பிஎல் என்பார்கள். அதை வத்தலக்குண்டு - நிலக்கோட்டை நடுவில் வைத்தேன். அப்படி வைத்தால் செம்பட்டியும் வத்தலக்குண்டும் இடது பக்கமாக வரும், நிலக்கோட்டையும் கொடைரோடும் வலது பக்கமாக வரும். சுமை ஏறக்குறைய பாதிப் பாதியாகப் பிரியும். எங்கேயாவது அறுந்தால் அந்தப் பூட்டு திறந்து, எல்லாரும் மிச்சமிருக்கும் ஒரு பக்கமாக வருவார்கள்.

போடும்போதே சின்னச் சின்னத் தடுமாற்றங்கள். 11, 17, 13 கிலோமீட்டர் மூன்றுக்கும் யோசிக்காமல் 40 கிலோமீட்டர் போகும் ஈஆர் மாட்யூல் (சுவிட்சில் சொருகி, ஃபைபரில் ஒளியை அனுப்பி வாங்குவது) வாங்கினேன். 11 கிலோமீட்டரில் போட்டுப் பார்த்தால் ரிசீவ் பவர், அதாவது வந்து சேரும் ஒளியின் அளவு, மைனஸ் 0.8 டிபிஎம். அந்த மாட்யூல் தாங்குவது மைனஸ் 1 வரைதான். லிங்க் எழுந்தது, ஆனால் சிஆர்சி எரர் (டேட்டா சிதைந்து வரும் பிழை) மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே இருந்தது. 5 டிபி அட்டென்யுவேட்டர் (ஒளியைக் குறைக்கும் துண்டு) ஒன்று 350 ரூபாய், மாட்டியதும் அடங்கிவிட்டது. குறைந்த ஒளிக்குப் பயப்படப் பழகிவிட்டோம், அதிக ஒளிக்கு யாரும் பயப்படுவதில்லை.

வாடகை லிங்க்கில் வேறு சிக்கல். நடுவில் அவர்களுடைய சுவிட்சுகள் இருக்கின்றன. வழியில் எங்கே அறுந்தாலும் என் போர்ட்டில் விளக்கு பச்சையாகவே எரியும். லிங்க் செத்தது என் சுவிட்சுக்குத் தெரியவே தெரியாது. அதனால் இரண்டு முனையிலும் சிசிஎம் ஓட விட்டேன். 3.33 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை "இருக்கிறேன், இருக்கிறேன்" என்று ஒரு சின்ன ஃப்ரேம் போகும். மூன்றரை இடைவெளி, அதாவது சுமார் 12 மில்லிசெகண்ட், ஒன்றுமே வரவில்லை என்றால் லிங்க் போய்விட்டதாக எடுத்துக்கொள்ளும். முதலில் அது அந்தப் பக்கம் போய்ச் சேரவே இல்லை. சிசிஎம்முக்கு நான் லெவல் (யாருடைய கண்காணிப்பு என்று பிரிக்கும் எண்) 1 வைத்திருந்தேன். அவர்கள் நெட்வொர்க்கில் அதைவிட உயர்ந்த லெவலில் கண்காணிப்பு ஓடுவதால் என்னுடையதை உள்ளே விடவில்லை. வாடிக்கையாளர்களுக்கு என்று இருப்பது 5 முதல் 7 வரை. 6 ஆக்கியதும் போனது. இதற்கு இரண்டு நாள் செலவு.

அப்புறம் பரிசோதனை. இரவு 1:30-க்கு வத்தலக்குண்டுக்கு 10 மில்லிசெகண்டுக்கு ஒன்றாக பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் பாக்கெட்) விட்டுக்கொண்டே செம்பட்டி ஃபைபரைப் பிடுங்கினேன். நான்கு பிங் தொலைந்தது, ஐந்தாவது வந்துவிட்டது. 40 மில்லிசெகண்ட். ஸ்டாண்டர்டில் சொல்லும் 50-க்குள். முதலாளிக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அந்த நேரத்தில் மொத்த ரிங்கிலும் ஓடியது 1 ஜிபிபிஎஸ் கூட இல்லை என்பதை நான் யோசிக்கவே இல்லை.

ஐந்து வாரம் கழித்து, ஆத்தூர் பக்கம் மேலே ஏற்றிக் கட்டிய கரும்பு லாரி ஒன்று எங்கள் கேபிளை இரண்டு கம்பத்தோடு இழுத்துக்கொண்டு போனது. நேரம் 8:41. ரிங் மாறியது. வலது பக்கமாக எல்லாரும் வந்தார்கள். சரியாகச் சில நொடிகளில் எல்லாம் போனது. அப்புறம் வந்தது. மறுபடி போனது. செம்பட்டி மட்டுமல்ல, ஒன்றும் அறுபடாத கொடைரோடும் நிலக்கோட்டையும் சேர்ந்து போனது. அதுதான் வயிற்றைக் கலக்கியது. வங்கிக் கிளைகளின் லீஸ்டு லைன் (உறுதியான வேகம் கொடுக்கும் தனி இணைப்பு), ஆஸ்பத்திரி போன், எல்லாமே. வீட்டு இணைப்புகள் ஒரே நேரத்தில் மறு லாகின் அடித்ததில் லாகினைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் வேறு மூச்சுத் திணறியது.

9:17-க்குத்தான், யோசித்துச் செய்யவில்லை, கோபத்தில், வத்தலக்குண்டு ஓஎல்டி (ஊருக்குள் வீடுகளுக்கு ஃபைபரைப் பிரிக்கும் கருவி) போர்ட்டை அணைத்தேன். உடனே மற்ற எல்லாம் அசையாமல் நின்றது. ஒரு ஊரை இருட்டாக்கினால் மூன்று ஊர் பிழைக்கிறது என்றால், பிரச்சினை ஃபைபரில் இல்லை, சுமையில்தான் என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது.

மறுநாள் லாகைப் படித்தேன். 36 நிமிடத்தில் கொடைரோடு சுவிட்ச் "சிக்னல் ஃபெயில்" என்று இருநூற்றுச் சொச்சம் தடவை அறிவித்திருந்தது. அதுவும் வாடகை லிங்க் பக்கத்தில். அந்த லிங்க் ஒரு நொடிகூட அறுபடவில்லை.

கணக்குப் போட்டேன். பீக் அவரில் கீழ்நோக்கி இடது பக்கம் 5.9ஜி, வலது பக்கம் 5.6ஜி. இந்த வலது பக்க 5.6-இல் 0.6ஜி கேமரா ரெக்கார்டிங். அது எப்படி அங்கே வந்தது என்று பிறகு சொல்கிறேன். ரிங் மாறியதும் அது வழி மாறிவிடும். மிச்சம் 10.9ஜி. குழாய் 10ஜி. நிரம்பி வழிகிற போர்ட்டில் சுவிட்ச் வரிசையின் வாலில் நிற்பதை எல்லாம் உதறும். அப்படி உதறப்பட்டதில் என் சிசிஎம் ஃப்ரேமும் ஒன்று. அதற்கு முன்னுரிமை எண் கேட்கும் இடத்தை நான் காலியாக விட்டிருந்தேன். அந்த சுவிட்சில் காலி என்றால் 0; யூடியூபோடு ஒரே வரிசை. தொடர்ந்து மூன்று சிசிஎம் விழுந்ததும் கொடைரோடு "லிங்க் செத்தது" என்று போர்ட்டைப் பூட்டியது. பூட்டியதும் டிராஃபிக் நின்றது. நின்றதும் வரிசை காலியானது. சிசிஎம் வந்தது. பூட்டு திறந்தது. டிராஃபிக் ஏறியது. மறுபடி விழுந்தது. விநாடிக்கு 300 சிசிஎம் என்றாலும் மொத்தம் கால் எம்பிபிஎஸ்கூட வராது. அந்தக் கால் எம்பிக்கு இடம் ஒதுக்காததால் 10ஜி போனது.

இதை எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற தொலைபேசித் துறைக்காரர் ஒருவரிடம் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் எஸ்டிஹெச் (தொலைபேசித் துறையின் பழைய ஃபைபர் முறை) காலத்து ஆள். சிரித்தார். "எங்க எஸ்டிஎம்-16 ரிங்குல பதினாறு சேனல் இருந்தா எட்டுதான் வேலைக்கு. மிச்ச எட்டு சும்மா காத்துக் கிடக்கும். அதுல எக்ஸ்ட்ரா டிராஃபிக் ஓட்டுவோம். அறுந்துச்சுன்னா அதைத் தூக்கிப் போட்டுருவோம். யார் எந்த எட்டுல இருக்காங்கன்னு முன்கூட்டியே எழுதி வச்சிருப்போம். நீங்க பதினாறையும் வித்துட்டு அறுந்தப்புறம் யோசிக்கிறீங்க தம்பி." பதில் சொல்ல முடியவில்லை. ஈதர்நெட் ரிங்கில் அந்தப் பாதியை யாரும் கட்டாயமாக ஒதுக்கி வைப்பதில்லை. ஒதுக்குவது நம் வேலை. வாங்கும்போது சுவிட்ச்காரர்கள் இதைச் சொல்வதுமில்லை.

அன்று இரவே ஒரு ஏ4 தாளில் முதலாளியோடு உட்கார்ந்து எழுதினேன். சுவிட்ச் கான்ஃபிகில் கை வைக்கும் முன் செய்தது இது ஒன்றுதான், உருப்படியாகச் செய்ததும் இதுதான். மேலே: ரிங்கின் சொந்தப் பேச்சு, அதாவது சிசிஎம்மும், ரிங்கை மாறச் சொல்லும் ஆர்-ஏபிஎஸ் செய்திகளும். அடுத்து போன். அடுத்து 46 லீஸ்டு லைன். உறுதி சொன்ன வேகம் எல்லாம் கூட்டினால் 900 எம்பி. அடுத்து வீடுகள். கடைசியில் நிலக்கோட்டையில் வைத்திருக்கும் வீடியோ கேஷ் பெட்டி (வீடியோக்களின் நகலை ஊரிலேயே வைத்திருக்கும் சர்வர்) தன்னை நிரப்பிக்கொள்ளும் டிராஃபிக். பீக் அவரில்கூட 1.1ஜி இழுத்துக்கொண்டிருந்தது. விடியற்காலை 3 மணிக்கு நிரப்பினால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் யாரும் அதற்கு நேரம் குறிக்கவில்லை. நானும்தான்.

போனுக்கு எவ்வளவு ஒதுக்குவது? ஜி.711 (குரலை டேட்டாவாக்கும் முறை) அழைப்பு ஒன்று ஈதர்நெட்டில் சுமார் 87 கேபிபிஎஸ். ஒரே நேரத்தில் 300 அழைப்பு என்றாலும் 26 எம்பி. தாராளமாக 100 எம்பி வைத்து, அதற்கு மேல் வந்தால் வெட்டச் சொன்னேன். ரிங் பேச்சுக்கும் போனுக்கும் கண்டிப்பான முன்னுரிமை. அவை காத்திருக்கவே கூடாது. லீஸ்டு லைனுக்கும் வீட்டுக்கும் பங்கு வைத்துப் பிரிப்பது. கேஷ் நிரப்பலுக்கு எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சினால் உண்டு.

இரவு 1 மணிக்கு 10ஜி கார்டு போட்ட இரண்டு கம்ப்யூட்டரை வைத்து ஐபெர்ஃப் என்ற சோதனை மென்பொருளில் 12ஜி வரை திணித்து, ஃபைபரைப் பிடுங்கினேன். சிசிஎம் ஒன்றுகூட விழவில்லை. ஆனால் சில போர்ட்களில் திரும்ப வர 2 நொடிக்கு மேல் ஆனது. காரணம் நானே போட்ட ஸ்டார்ம் கண்ட்ரோல். ரிங் மாறும்போது சுவிட்ச் தன் மேக் டேபிளைத் துடைத்துவிடும். துடைத்த கணத்தில் யார் எங்கே என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் அனுப்பும். அதைப் புயல் என்று நினைத்து 50 எம்பியில் வெட்டும்படி முன்பு ஒருநாள் எழுதியிருந்தேன். ரிங் போர்ட்களில் மட்டும் அதை எடுத்தேன். கஸ்டமர் போர்ட்டில் இருக்கட்டும். 40 மில்லிசெகண்டுக்குத் திரும்பியது.

இந்தத் தடவை பகல் கனவில் தூங்கப் போகவில்லை. முதலாளியிடம் கெஞ்சி ஒரு சனிக்கிழமை இரவு 8:30-க்கு நிஜ சுமையில் பிடுங்க அனுமதி வாங்கினேன். இது இரண்டாவது அவமானம். ரிங் அசையாமல் நின்றது. வீடுகளில் வேகம் கொஞ்சம் குறைந்தது, யாரும் கவனிக்கவில்லை. ஆனால் போன் கரகரத்தது. அதிக முன்னுரிமை கொடுத்த சேவைதான் முதலில் கெட்டது! ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் இருந்து ஒரு அக்கா, "தம்பி, தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு" என்றார். பேட்ச் கார்டைத் திரும்பச் சொருகினேன்.

போன் வரிசையின் கவுன்டரைப் பார்த்தால் 700 எம்பி. எங்கள் போன் 26-க்கு மேல் வரவே முடியாது. ரவுட்டர் கான்ஃபிகில் இருந்து நகல் எடுக்கும்போது "டிஎஸ்சிபியை நம்பு" என்ற வரியையும் சேர்த்து எடுத்திருக்கிறேன். டிஎஸ்சிபி என்பது பாக்கெட் தன் மேல் எழுதிக்கொண்டு வரும் முன்னுரிமை எண்; போனுக்கு 46. வெளியிலிருந்து 46 என்று முத்திரை குத்திக்கொண்டு வந்த எல்லாமே போன் என்று உள்ளே நுழைந்துவிட்டது. 100 எம்பிக்கு மேல் வெட்டச் சொல்லியிருந்தேனே, அந்த வெட்டு நிஜப் போன் மீதும் சேர்ந்து விழுந்தது.  முன்பு இந்த வெட்டே கிடையாது, அதனால் இது தெரியவில்லை.

தீர்வு எளிது. பாக்கெட் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை நம்பக் கூடாது, எந்தக் கதவு வழியாக வந்தது என்பதை மட்டும் நம்ப வேண்டும். போனுக்கு ஏற்கெனவே தனி விலான் (ஒரே கேபிளில் பிரிந்து ஓடும் தனி நெட்வொர்க்) இருந்தது; லீஸ்டு லைனுக்கும் இருந்தது. விலானைப் பார்த்து வகை பிரித்து, உள்ளே நுழையும் இடத்திலேயே முன்னுரிமை எண்ணை நாமே எழுதிவிட்டேன். மற்ற எல்லாவற்றுக்கும் 0 அல்லது 1. போன் வரிசை 19 எம்பிக்கு இறங்கியது.

இப்போது கேமரா. செம்பட்டி, வத்தலக்குண்டு கடைகளின் கேமராக்கள், 300 இருக்கும், ஒன்று 2 எம்பி வீதம் 0.6ஜி. அவற்றின் ரெக்கார்டிங் நிலக்கோட்டை ஆபீசில் சேருகிறது. பக்கத்து ஊர்தான், 13 கிலோமீட்டர். ஆனால் நடுவில் ஆர்பிஎல் பூட்டு. அதனால் வீடியோ செம்பட்டி போய், சின்னாளப்பட்டி போய், கொடைரோடு சுற்றி நிலக்கோட்டை வந்துகொண்டிருந்தது. வத்தலக்குண்டில் இருந்து நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்குச் சின்னாளப்பட்டி வழியாக மல்லிகைப்பூ கொண்டுபோகிற மாதிரி. பூட்டிய லிங்க்கோ நாள் முழுக்கச் சும்மா கிடக்கிறது. எஸ்டிஹெச் சார் சொன்ன காத்துக்கிடக்கும் எட்டு!

கேமரா விலானை ஈஆர்பிஎஸ் பாதுகாப்புப் பட்டியலில் இருந்து வெளியே எடுத்தேன். பட்டியலில் இல்லாத விலானை ரிங் பூட்டாது. ஆனால் அது எல்லா ரிங் போர்ட்டிலும் இருந்தால் சுற்று வந்து ஊரே படுத்துவிடும். ஆகவே அந்த விலானைச் செம்பட்டி - வத்தலக்குண்டு - நிலக்கோட்டை போர்ட்களில் மட்டும் வைத்து, மற்ற இடங்களில் முதலில் நீக்கிவிட்டு, நான்கு முறை சரிபார்த்து, அதற்குப் பிறகுதான் பட்டியலில் இருந்து எடுத்தேன். வரிசையை மாற்றிச் செய்திருந்தால் இந்தப் பதிவு வேறு மாதிரி இருந்திருக்கும். விலை என்னவென்றால், அந்த வழியில் அறுந்தால் அதற்கு அப்பால் இருக்கும் கேமரா ரெக்கார்டிங் நின்றுவிடும். மாற்று வழி கிடையாது. கடையிலேயே டிவிஆர் இருப்பதால் பெரிய நஷ்டமில்லை. ஏ4 தாளில் முதலாளி அதற்கும் கையெழுத்துப் போட்டார். போன மாதம் காற்றில் புளியமரக் கிளை விழுந்து செம்பட்டி - வத்தலக்குண்டு அறுந்தபோது முதல் போன் அவரிடமிருந்துதான்: "தம்பி, குடோன் கேமரா பதிவாகலியே?" தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினேன்.

அந்த அறுப்பில் இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். ஃபைபர் ஒட்டும் ஸ்ப்ளைசிங் பையன்கள் ட்யூபைத் திருப்பி, கோர் என்கிற ஒற்றை இழையைத் தேடி ஒட்டும்போது ஒளி வந்து வந்து போகும். ரிங் அதை "சரியாகிவிட்டது" என்று எண்ணி, பழைய வழிக்குத் திரும்புவதற்கான 5 நிமிடக் கடிகாரத்தை ஓட விடும். ஒட்டிய கோரை அவர்கள் சரியில்லை என்று மறுபடி வெட்டினால் திரும்ப ஒரு மாற்றம். இப்போது திரும்பும் காத்திருப்பு நேரத்தை அதிகபட்சமான 12 நிமிடமாக வைத்திருக்கிறேன். அதோடு, டீம் ஜாயின்ட் பாக்ஸைத் திறக்கும் முன்பே இரண்டு முனையிலும் போர்ட்டை நானே அணைத்துவிடுகிறேன். ஓடிடிஆரில் ஒவ்வொரு ஒட்டும் 0.1 டிபிக்குள் இருக்கிறது என்று படம் வந்த பிறகுதான் திறப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை எண்கள்: பிங் இழப்பு 4, அதாவது 40 மில்லிசெகண்ட். சிசிஎம் இழப்பு 0. போனில் கரகரப்பு இல்லை. அந்த அக்காவையே அழைத்துக் கேட்டேன். கேஷ் நிரப்பல் 1.1ஜியில் இருந்து 150 எம்பிக்கு விழுந்தது. வாடகை லிங்க் 9.9-இல் நின்றது.

செலவு: சுவிட்ச் ஐந்து, ஒன்று 62,000 வீதம் 3,10,000. ஈஆர் மாட்யூல் ஆறு, 57,000. குறைந்த தூரத்துக்கான எல்ஆர் மாட்யூல் நான்கு, 7,600. அட்டென்யுவேட்டர் நான்கு, 1,400. மொத்தம் 3,76,000, ஜிஎஸ்டி தனி. கரும்பு லாரி இரவுக்கு இரண்டு ஜாயின்ட் பாக்ஸும் 48 ஒட்டும் சேர்த்து 9,000. வகை பிரித்து வரிசை போட்டதற்குப் பொருள் செலவு ஒன்றுமில்லை, மூன்று ராத்திரிதான்.

மறுபடி போடுவதாக இருந்தால் 11 கிலோமீட்டருக்கு ஈஆர் வாங்க மாட்டேன். வாடகை லிங்க்கில் சிசிஎம்மை 3.33-க்குப் பதில் 10 மில்லிசெகண்டில் ஓட்டிப் பார்ப்பேன். 35 மில்லிசெகண்டில் கண்டுபிடித்தால் போதும், இவ்வளவு பதற்றம் வேண்டாம். 9.9 என்பது நிறைந்த பாத்திரம். தீபாவளிக்கு இணைப்பு கூடினால் வீடுகள் அழும். வத்தலக்குண்டில் இரண்டாவது கேஷ் பெட்டி வைப்பதா, வாடகை லிங்க்கை இன்னொன்று எடுப்பதா என்று முதலாளி இன்னும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கொடைரோடு யுபிஎஸ் பேட்டரி 40 நிமிடம்தான் தாங்குகிறது, அதை முதலில் மாற்ற வேண்டும்.